பதினாறு மடங்கு என்பது கணக்கே அல்ல

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் பழைய பெட்ரோல் விலைகளை ஒப்பிட உகந்தது பெட்ரோல் நிலையத்தில் அன்று எழுதியிருந்த பலகை விலையா, பணவீக்கத்தைக் கழித்த விலையா என்பது தலைப்பு. பணவீக்கத்தைக் கழிக்காமல் செய்வது ஒப்பீடே ஆகாது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு எண்களை முழங்கினார். 1962இல் ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர், 31 சென்ட். 2022 ஜூனில் 5 டாலர். "பதினாறு மடங்கு!" என்றார், அவை அதிர்ந்தது. இரண்டு எண்களும் சரியானவைதான். ஆனால் இரண்டையும் அளந்த டாலர் ஒன்றா? முழக்கோல் ஆண்டுதோறும் சுருங்கினால், துணி நீண்டுகொண்டே போவதாகத்தான் தெரியும். மக்கள் வாங்கும் பொருள்களின் விலைகளை ஒரே எண்ணாகக் காட்டும் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1962இல் ஏறத்தாழ 30. 2022 ஜூனில் 296. அந்தக் கணக்கில் பழைய 31 சென்ட்டின் மதிப்பு 3 டாலர். மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏறியிருக்கிறது. அந்தச் சுமையை நான் மறுக்கவில்லை. அதைப் பதினாறு மடங்கு என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

எதிரணியினர் தொடாமல் விட்ட ஆண்டு ஒன்று உண்டு: 1998. ஆசிய நிதி நெருக்கடியால் தேவை சரிந்து, கச்சா எண்ணெய் விலை வீழ்ந்திருந்த நேரம். ஒரு கேலன் 1 டாலர் 6 சென்ட். பலகையைப் பார்த்தால் 1962ஐவிட மூன்று மடங்குக்கும் மேல். 2022இன் டாலரில் மாற்றினாலோ, 2 டாலருக்கும் கீழே! 1962இன் 3 டாலரோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு மலிவு. நடுவர் அவர்களே, பலகை "விலை ஏறிவிட்டது" என்ற இடத்தில் விலை இறங்கியிருக்கிறது. அளவில் பிழை செய்தால் பொறுக்கலாம். திசையையே தவறாகக் காட்டும் கருவியை எப்படி நம்புவது?

2022 ஜூனின் 5 டாலரை "வரலாறு காணாத விலை" என்றார்கள். 2008 ஜூலையின் 4 டாலர் 11 சென்ட், 2022இன் மதிப்பில் ஏறத்தாழ ஐந்தரை டாலர். ஈரானியப் புரட்சியும் ஈரான்-ஈராக் போரும் உலுக்கிய 1981இல் சராசரி விலை 1 டாலர் 38 சென்ட். அதுவும் நான்கரை டாலருக்குச் சமம். அந்த நெருக்கடியில் வரிசையில் நின்று எண்ணெய் நிரப்பிய தலைமுறையின் துயரத்தை, "வெறும் 1 டாலர் 38 சென்ட்தானே" என்று சுருக்குவது அநியாயம்.

"கூலிக்காரரின் கையைப் பாருங்கள்" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். பார்க்கத்தான் வேண்டும். 1981இல் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 3 டாலர் 35 சென்ட். இரண்டு கேலனுக்கு மேல் வாங்கலாம். 2022இல் 7 டாலர் 25 சென்ட். ஒன்றரை கேலன்கூடத் தேறாது. இந்த வலி உண்மை. ஆனால் அந்த ஊதியம் 2009இலிருந்து அசையவே இல்லை. பணவீக்கம் அதைத் தின்றுகொண்டிருந்ததைப் பலகை விலை ஒருபோதும் காட்டாது. எங்கள் கணக்குதான் காட்டுகிறது. ஐயா, உங்கள் சாட்சி எங்கள் பக்கம் நிற்கிறார்.

இன்னொன்று, எல்லோருடைய சாலையையும் தொடுவது. பெட்ரோல் மீதான கூட்டாட்சி வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993இல் நிர்ணயித்தது, பணவீக்கத்தோடு அதை யாரும் பிணைக்கவில்லை. 2022இல் அதன் மதிப்பு பாதியாகக் கரைந்துவிட்டது. அந்த வரியை நம்பியிருக்கும் நெடுஞ்சாலை நிதியத்துக்கு 2008 முதல் பொது வருவாயிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சுமந்தவர்கள் மக்கள்.

எழுதிய எண்ணே போதும் என்கிற எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 1993இன் 18.4 சென்ட் போட்ட சாலையை, 2022இன் 18.4 சென்ட் போடுமா?