பால் கொடுக்கிற மாதங்களில் பசியோடு சண்டை வேண்டாம்

வணக்கம் நேயர்களே. பால் கொடுத்தாலே போதும், உடம்பு தானாக இளைத்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். மீதிப் பாதி தெரியாததால்தான் நாலாவது மாதத்தில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, ஒன்றுமே இறங்கவில்லையே என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள், மறுநாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். ஓர் உணவியல் ஆலோசகராக நான் இன்று சொல்ல வந்தது, அந்த ஒரு வேளையை விடாதீர்கள் என்பதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு ஒரு நாளில் முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் போகிறது. 100 மில்லி பாலில் சுமார் 65 முதல் 70 கலோரி. அதைத் தயாரிக்க உடம்பு செலவழிப்பதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 500 கலோரிக்கு மேல் ஆகிறது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் ஆகிற செலவு அது, நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஆகிவிடுகிறது. அப்படியென்றால் மாதாமாதம் எடை இறங்க வேண்டுமே? சிலருக்கு இறங்கவும் செய்கிறது. ஆனால் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் பசியையும் கிளப்பிவிடுகிறது. ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாக உடைந்தால் பசி இன்னும் கூடும், அதுவும் இனிப்பு, வறுவல் பக்கமாகவே மனசு போகும். நடமாட்டம் வேறு குறைந்திருக்கும். ஆக, ஒரு பக்கம் செலவு நடக்கிறது, இன்னொரு பக்கம் பசி அதைக் கேட்டு வாங்கிவிடுகிறது. இதில் உங்கள் மனஉறுதிக் குறைவு என்று ஒன்றும் இல்லை.

பிரசவம் ஆன முதல் ஆறு வாரத்துக்கு டயட் என்ற பேச்சே வேண்டாம். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் வெளியேறும்போதே ஐந்தாறு கிலோ போய்விடும், அப்புறம் வரும் நாட்களில் உடம்பில் தேங்கிய நீர் வியர்வையாகவும் சிறுநீராகவும் இறங்கும். பிரசவம் முடிந்த கையோடு ஒரு கிலோ கனமாக இருக்கிற கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இந்த வாரங்களில் இறங்குகிற எடை நீங்கள் எதுவும் செய்யாமலே இறங்குவது. அதே வாரங்களில்தான் பால் சுரப்பும் குழந்தையின் தேவைக்கு ஏற்றபடி நிலைக்கு வருகிறது, தையலோ சிசேரியன் காயமோ ஆறுகிறது. இத்தனை வேலை நடக்கிற உடம்பிடம் போய்ச் சாப்பாட்டைக் குறைப்பது அநியாயம்.

சரி, ஆறு வாரம் முடிந்தது, மருத்துவரும் பார்த்துவிட்டார், பால் நன்றாக வருகிறது. இனி எவ்வளவு வேகத்தில் குறையலாம்? வாரத்துக்கு அரை கிலோ, அதற்கு மேல் வேண்டாம். இதை யாரோ குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. அதிக எடை இருந்த, தாய்ப்பால் மட்டுமே கொடுத்த 40 பெண்களில் ஒரு பாதியினர் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டு, வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சியும் செய்தார்கள். பத்து வாரத்தில் சராசரியாக 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கியது, குழந்தைகளின் வளர்ச்சியில் மற்ற பாதியினரின் குழந்தைகளோடு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்றைக் கவனியுங்கள், அவர்கள் ஏற்கெனவே அதிக எடை உள்ளவர்கள், கண்காணிப்பில் இருந்தவர்கள். கர்ப்பத்துக்கு முன்பே ஒல்லியாக இருந்து, இப்போது நாலு கிலோ கூடியிருக்கிறது என்று கவலைப்படுகிறவருக்கு இது பொருந்தாது. அந்த நாலு கிலோவை அவர் அவசரப்படாமல் விட்டுவைக்கலாம்.

மொத்தமாக ஒரு நாளில் 1500 கலோரிக்குக் கீழே போகாதீர்கள் என்பது பொதுவான எல்லை, பலருக்கு 1800ஆவது வேண்டியிருக்கும். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவளத்துக்கும் கலோரி எழுதிக்கொண்டிருக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அதற்குப் பதிலாக ராத்திரி நேரத்தைக் கவனியுங்கள் என்பேன்.

அதிகாலை மூன்று மணி. குழந்தை குடிக்கத் தொடங்கிப் பால் இறங்கியதுமே தொண்டை வறண்டு ஒரு தாகம் வரும், பால் கொடுத்தவர்களுக்குத் தெரியும். கூடவே வயிறும் கூப்பிடும். இடது கை குழந்தையின் தலைக்கு அடியில், வலது கை மட்டும்தான் சும்மா இருக்கிறது. அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் எது இருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். பிஸ்கட் பாக்கெட் இருந்தால் பாக்கெட்டே காலியாகும், விளக்கைக்கூடப் போடாமல், எத்தனை என்று எண்ணாமல். அதனால் படுக்கப் போகும் முன்பே அந்த இடத்தில் ஒரு கைப்பிடி உப்பில்லாத கொட்டைப் பருப்புகள், ஒரு பழம், ஒற்றைக் கையால் திறக்கக்கூடிய மூடி போட்ட தண்ணீர் பாட்டில் என்று வைத்துவிட்டுப் படுங்கள். நீங்களே வைக்க வேண்டும் என்றுகூட இல்லை, வீட்டில் இருக்கிற இன்னொருவர் செய்யட்டும், குழந்தைக்கு அப்பா என்று ஒருவர் இருக்கிறாரே. இந்த ஒரு மாற்றத்தில் குறைகிற கலோரி, பகலில் ஒரு வேளை பட்டினி கிடந்து குறைப்பதைவிடச் சில சமயம் அதிகமாகவே இருக்கும்.

பகலில் என்ன செய்வது? குறைக்க வேண்டியது சர்க்கரை போட்ட பானங்கள், எண்ணெயில் பொரித்தவை, மூத்த பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதே என்று முடித்துவைக்கிற பழக்கம். குறைக்கக் கூடாதது முட்டை, பருப்பு, மீன், பால், தயிர், காய்கறி, முழுதானியம். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருந்தால் பசி சீக்கிரம் திரும்ப வராது.

இன்னொரு விஷயம். நீங்கள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பாலின் புரதம், சர்க்கரை அளவெல்லாம் பெரிதாக மாறாது, உடம்பு தன்னிடம் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். கால்சியம் குறைந்தாலும் உங்கள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் (பால் நிறுத்திய பிறகு எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது, அதனால் பயப்பட வேண்டாம்). ஆனால் அயோடின், பி12, வைட்டமின் ஏ போன்றவை அப்படி இல்லை. உங்களிடம் குறைந்தால் பாலிலும் குறையும். முட்டை, பால், இறைச்சி எதையும் தொடாதவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும், குடம் குடமாகக் குடித்தாலும் பால் அதிகமாகிவிடாது.

மாவுச்சத்தை அறவே நிறுத்துகிற டயட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். மற்ற நேரத்தில் அது ஒருவருக்கு ஒத்துப்போயிருக்கலாம். பால் கொடுக்கும்போது உடம்பில் இருக்கிற சர்க்கரை பாலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, சாப்பாட்டிலும் மாவுச்சத்து வராவிட்டால் கொழுப்பு வேகமாக உடைந்து ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் ஏறுகின்றன. அரிதுதான், ஆனாலும் இப்படித் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போன தாய்மார்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. குமட்டல், வாந்தி, மூச்சு வேகமாக வாங்குவது, எழுந்திருக்க முடியாத சோர்வு என்று இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், பால் கொடுக்கிறேன் என்பதையும் என்ன டயட் என்பதையும் சொல்லுங்கள். நீண்ட நேரப் பட்டினி இருப்பதும் இந்த ஆபத்தின் பக்கம்தான் கொண்டுபோகிறது.

எடை குறைக்கும் மாத்திரைகள், இப்போது எல்லோரும் பேசுகிற செமாகுளுடைட் மாதிரியான ஊசிகள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் பால் கொடுக்கும்போது தொடாதீர்கள். குழந்தைக்கு என்ன ஆகும் என்பதற்குப் போதுமான தகவல் இல்லாத மருந்தை அழகுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லை. சர்க்கரை நோய்க்காக ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவர்கள் நீங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். கழிவு நீக்கும் டீ என்று விற்பவற்றில் பலவும் பேதி மருந்து கலந்தவை. மறுநாள் குறைந்திருப்பது தண்ணீரின் எடை.

உடற்பயிற்சி செய்தால் பால் புளித்துவிடும் என்கிற பயம் இன்னும் போகவில்லை. மிதமான பயிற்சியால் பாலின் அளவும் மாறாது, குழந்தை குடிப்பதும் மாறாது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனக்காமல் வசதியாக இருக்கும். நடையில் தொடங்குங்கள், மெல்ல மெல்ல வாரத்துக்கு 150 நிமிடம் வரை கொண்டுவாருங்கள். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சரி என்ற பிறகு.

வயிறு மட்டும் குறையவில்லை என்று வருபவர்களில் பலருக்கு அது கொழுப்பே இல்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே தசைகள் இரண்டு பக்கமும் விலகியிருக்கும், படுத்துக்கொண்டு தலையைச் சற்றுத் தூக்கி, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரல்களை வைத்துப் பார்த்தால் இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போகும். அந்த நிலையில் எத்தனை கிலோ குறைத்தாலும் வயிறு முன்னால்தான் நிற்கும். வேக வேகமாக எழுந்து படுக்கிற வயிற்றுப் பயிற்சிகள் அதை மோசமாக்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் மூச்சோடு சேர்ந்த பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பெல்ட் கட்டினால் முதுகுக்குத் தாங்கலாக இருக்கலாம், கொழுப்பைக் கரைக்காது.

எடையை வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள், காலையில், பால் கொடுத்த பிறகு. தினமும் பார்த்தால் மார்பில் கட்டியிருக்கிற பாலும் முந்தைய நாள் உப்பும்தான் எண்ணில் தெரியும். குழந்தையைப் பார்க்க மறக்காதீர்கள். முதல் மாதங்களில் நாளைக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை கூட வேண்டும். திடீரென்று ஒரு நாள் குழந்தை ஓயாமல் பால் கேட்டால் உடனே உங்கள் டயட்டைப் பழிக்காதீர்கள், மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று அப்படிக் கேட்கிற நாட்கள் வரும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் டயப்பரும் காய்ந்து, எடையும் கூடவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், சாப்பாட்டைக் குறைப்பதை அன்றே நிறுத்துங்கள்.

எதுவும் செய்யாமலே எடை மளமளவென்று இறங்கி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். எவ்வளவு முயன்றும் எடை இறங்காமல், குளிரும் களைப்புமாக இருந்தாலும் அதே பரிசோதனைதான். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தைராய்டு வீங்கி முதலில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் வேலை செய்வது உண்டு. சாப்பாடே வேண்டாம் என்று தோன்றி, அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது டயட் பலிப்பது இல்லை, மன அழுத்தமாக இருக்கலாம், அதற்கும் மருத்துவம் உண்டு.

கடைசியாக, பலரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம். ஆறு மாதத்துக்கு மேல் குழந்தை மற்ற உணவுகளைச் சாப்பிட ஆரம்பித்ததும் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதற்கு ஆகிற கலோரியும் குறையும், ஆனால் தட்டில் எடுத்துப் போடுகிற அளவு மட்டும் பழக்கத்தில் அப்படியே இருக்கும். அதுவரை இறங்கிய எடை அந்த மாதங்களில் ஏறத் தொடங்கினால், ஒரு நாளில் எத்தனை முறை பால் கொடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முறை குறையக் குறைய, ராத்திரி கைக்கெட்டும் தூரத்தில் வைத்ததை முதலில் எடுத்துவிடுங்கள், வேளைச் சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.