லாரி ஹோம்ஸ் யாரை வென்றார்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, லாரி ஹோம்ஸை எல்லாக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வரிசையிலும் முன்னால் வைக்கிறீர்கள். அவர் அடித்ததில் பெரிய பெயர் முகமது அலி ஒருவர்தான், அதுவும் ஓய்ந்துபோன அலி. மற்றவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஆளில்லாத காலத்தில் சாம்பியனாக இருந்தவர்தானே அவர்?"

இதில் பாதியை உடனே ஒப்புக்கொள்கிறேன். அலியை வென்றதை ஹோம்ஸின் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை. 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலிக்கு 38 வயது, ரிங்கில் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தைராய்டு மாத்திரை சாப்பிட்டு எடையைக் குறைத்து வந்திருந்தார். பார்வைக்குப் பழைய அலி, உடம்பில் தெம்பு இல்லை. பத்து சுற்றுகளில் ஒன்றைக்கூட மூன்று நடுவர்களில் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஒரு காலத்தில் அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னராக, அதாவது பயிற்சியில் அவரோடு மோதுபவராக, இருந்தவர் ஹோம்ஸ். அடித்துக்கொண்டே ரெஃப்ரியைப் பார்க்கிறார், நிறுத்த மாட்டீர்களா என்று. பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீதான் கார்னரிலிருந்து நிறுத்தினார். அந்த வெற்றியால் ஹோம்ஸின் மதிப்பு ஒரு துளியும் ஏறவில்லை.

ஆனால் அதே அளவுகோலை மற்ற சண்டைகளுக்கும் வைக்க வேண்டும். எதிராளி எவ்வளவு பிரபலம் என்பதை விடுங்கள். மோதிய அன்றைக்கு அவர் எப்படி இருந்தார்? அதற்குக் கொஞ்சம் முன்னால் யாரை வென்றார், கொஞ்சம் பின்னால் யாரை வென்றார்? இதைப் பார்த்தால் ஹோம்ஸின் பட்டியல் வேறு மாதிரித் தெரியும்.

கென் நார்ட்டனை எடுங்கள். 1973-இல் அலியின் தாடையை உடைத்து வென்றவர். 1976-இல் அலியோடு மூன்றாவது முறை மோதியபோது நார்ட்டன்தான் ஜெயித்தார் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் நிறையப் பேர். 1977 நவம்பரில் ஜிம்மி யங்கை வென்று, அதன் பேரில், உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் சாம்பியன் ஆனவர். 1978 ஜூன் 9 அன்று ஹோம்ஸ் மோதியது அந்த நார்ட்டனோடு. முதல் பாதியில் ஹோம்ஸின் ஜாப், அதாவது முன்கையால் நேராக நீட்டிவிடும் குத்து, பேசியது, பின்பாதியில் நார்ட்டன் நெருங்கி வந்து விலாவிலும் தலையிலும் இறக்கினார். பதினைந்தாவது சுற்றை மட்டுமாவது தேடிப் பாருங்கள். தொடக்கத்தில் நார்ட்டன் அடித்துத் தள்ளுகிறார், ஹோம்ஸ் முடிந்தார் என்று தோன்றும். பாதிக்குமேல் ஹோம்ஸ் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறார். மணி அடிக்கும் நேரத்தில் தள்ளாடுவது நார்ட்டன். இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே 143-142 என்று நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள். ஒரே ஒரு புள்ளி. ஹெவிவெயிட் வரலாற்றில் பட்டத்தை இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியவர்கள் குறைவு.

"அடுத்த வருடமே எர்னி ஷேவர்ஸ் அதே நார்ட்டனை முதல் சுற்றில் சாய்த்தாரே" என்பீர்கள். உண்மைதான், 1979 மார்ச். ஆனால் ஒன்பது மாதம் கழித்து நடந்ததை வைத்து ஹோம்ஸோடு மோதிய நார்ட்டனைக் குறைக்க முடியாது. அந்த இரவு பதினைந்து சுற்றும் அவர் எப்படிச் சண்டை போட்டார் என்பதற்கு வீடியோ இருக்கிறது.

அந்த ஷேவர்ஸையும் ஹோம்ஸ் இரண்டு முறை வென்றார். முதல் முறை, 1978-இல், பன்னிரண்டு சுற்றும் கிட்டத்தட்ட ஒருதலைப்பட்சம். இரண்டாவது 1979 செப்டம்பர். ஏழாவது சுற்றில் ஷேவர்ஸின் வலது கை நேராக வந்து விழுந்தது. ஹெவிவெயிட்டில் அந்த வலது கைக்கு மேல் பலமான அடி கிடையாது என்று அதை வாங்கியவர்களே சொல்வார்கள். ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். எழுந்தார். பதினொன்றாவது சுற்றில் ஷேவர்ஸால் இனி முடியாது என்று ரெஃப்ரி நிறுத்தினார்.

இப்போது உங்களுக்குப் பெயர் தெரியாதவர்களிடம் வருகிறேன். 1979 ஜூனில் மைக் வீவரோடு சண்டை என்றபோது, அதற்கு முன் எட்டுத் தோல்வி கண்டவரோடு என்ன பட்டச் சண்டை என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். அந்த வீவர் ஹோம்ஸைப் பன்னிரண்டு சுற்று படாத பாடு படுத்தினார். ஒரு வருடத்துக்குள் ஜான் டேட்டைப் பதினைந்தாவது சுற்றில் நாக் அவுட் செய்து, பட்டம் தரும் இன்னொரு அமைப்பான டபிள்யூபிஏவின் சாம்பியனும் ஆனார். 1983 மேயில் வந்த டிம் விதர்ஸ்பூனுக்கு அதுவரை 15 சண்டைதான். ஹோம்ஸ் பிரிந்த தீர்ப்பில் (இரண்டு நடுவர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம்) தப்பித்தார், ஒன்பதாவது சுற்றில் கிட்டத்தட்டப் போயிருப்பார். விதர்ஸ்பூன் பிறகு இரண்டு முறை சாம்பியன். டிரெவர் பெர்பிக், போன்கிரஷர் ஸ்மித் இருவரும் ஹோம்ஸிடம் தோற்ற பிறகு, 1986-இல் பெல்ட் வாங்கியவர்கள். ஆக, பிறகு சாம்பியன் ஆன நான்கு பேரை அவர்கள் சாம்பியன் ஆவதற்கு முன்பே ஹோம்ஸ் வென்றிருக்கிறார்.

பிறகு ஏன் இவர்களை யாருக்கும் தெரியவில்லை? பட்டம் இரண்டாக, பிறகு மூன்றாக உடைந்து கிடந்தது. இவர்கள் ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள், பெல்ட் யாரிடமும் நிலைக்கவில்லை. அது திறமை இல்லாத கூட்டம் இல்லை. அலிக்கு ஜோ ஃப்ரேசியர் இருந்த மாதிரி ஹோம்ஸுக்கு ஒரு நிரந்தர எதிரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மக்கள் நினைவில் நிற்பது ஜோடிகள். அலி சண்டையை விட்டால், 1982-இல் வெள்ளையரான ஜெர்ரி கூனியோடு நடந்த சண்டையைத் தவிர வேறு எதையும் அமெரிக்கா கூட்டமாக உட்கார்ந்து பார்க்கவில்லை, அதற்கும் நிறவெறிதான் எண்ணெய் ஊற்றியது.

குறையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். விதர்ஸ்பூனுக்கு மறு சண்டை கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. கிரெக் பேஜோடு மோத வேண்டிய நிலையில் 1983 கடைசியில் டபிள்யூபிசி பட்டத்தையே விட்டுவிட்டு, புதிதாக வந்த ஐபிஎஃப் என்ற அமைப்பின் பக்கம் போனார். அந்தக் காலத்து மற்ற சாம்பியன்களான பிங்க்ளன் தாமஸோடும் மைக்கேல் டோக்ஸோடும் மோதவே இல்லை. அதே சமயத்தில் ஜோ ஃப்ரேசியரின் மகன் மார்விஸை, வெறும் பத்து சண்டை அனுபவம் உள்ள பையனை, முதல் சுற்றிலேயே நொறுக்கிச் சம்பளம் வாங்கினார். என் பட்டியலில் ஜோ லூயிஸுக்கும் அலிக்கும் கீழே அவரை நிறுத்துவது இந்தக் குறைகள்தான், அலி சண்டை இல்லை.

48 வெற்றிக்குப் பிறகு 1985-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றதை நான் சலுகை கொடுக்காமல் தோல்வியாகவே எழுதுகிறேன். ஆனால் 1988-இல் டைசன் நான்காவது சுற்றில் சாய்த்த ஹோம்ஸுக்கு 38 வயது, கிட்டத்தட்ட இரண்டு வருடமாகச் சண்டை இல்லை. அலியிடமிருந்து ஹோம்ஸுக்குப் புள்ளி கிடையாது என்றால், ஹோம்ஸிடமிருந்து டைசனுக்கும் கிடையாது. டைசன் ரசிகர்கள் இதில் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

அதற்காக வயதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடவும் கூடாது. 1992 பிப்ரவரியில், 42 வயதில், அதுவரை தோல்வியே காணாத ஒலிம்பிக் தங்கப் பதக்கக்காரர் ரே மெர்சரை ஹோம்ஸ் புள்ளிகளில் வென்றார். ரிங்கின் மூலையில் சாய்ந்து நின்றுகொண்டு, வரும் குத்தை விலக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். டைசன் சாய்த்த மனிதரைவிட நான்கு வயது மூத்த மனிதர், ஆனால் அன்றைக்குச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். இந்த வெற்றியை நான் முழுதாகச் சேர்க்கிறேன்.

ஆகவே நண்பரே, பட்டியலிலிருந்து அலியின் பெயரை நீக்கிவிடுங்கள். நார்ட்டன், ஷேவர்ஸ், வீவர், விதர்ஸ்பூன், மெர்சர் என்று அந்த வரிசையில் பாருங்கள். பார்த்துவிட்டு ஆளில்லாத காலம் என்று இன்னமும் தோன்றினால் கீழே எழுதுங்கள், அடுத்த பதிவில் பேசலாம். இப்போது அடுத்த கேள்விக்குப் போகிறேன்.