ஆட்டுக்குட்டியை நிற்க வைத்தா எடை போடுகிறோம்?

(உலக மூளை முடக்குவாத தினமான அக்டோபர் 6-ஐ ஒட்டிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நிர்வாகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிப் பெருமக்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்த அரிமா சங்கத்தாரே, இயன்முறை மருத்துவர்களே, அங்கன்வாடி சகோதரிகளே, எல்லாருக்கும் மேலாக விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூளை முடக்குவாதம், அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை, உள்ள நம் பிள்ளைகளைப் பற்றி மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அளப்பது, ஊட்டுவது, எலும்பைக் காப்பது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள். நாம் என்ன செய்கிறோம்? பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காலில் மாட்டும் காலிப்பர் தாங்கி என்று சித்திரத்துக்கு மட்டும் அலைகிறோம். சுவர் எத்தனை கிலோ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் ஒல்லியா இருக்கும்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதைப் போல இந்தப் பிள்ளைகளுக்குக் கேடு செய்தது வேறில்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்ச்சியைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனால் பெரும்பகுதி, வயிற்றுக்குள் போக வேண்டியது போகாததால் வந்த ஒல்லி.

இங்கே பயிற்சி மையங்களில் ஓர் அப்பத்தா கதை சொல்வார்கள். பேரனுக்கு ஒன்பது வயது, நிற்க மாட்டான். மையத்து நோட்டில் எடைக் கட்டத்தில் மூன்று வருஷமாக ஒரே வரி: "நிற்க இயலவில்லை". ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பத்தா தூக்கிக்கொண்டு வந்தார். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏத்தா, சந்தையில ஆட்டுக்குட்டி தானா ஏறி நின்னா எடை போடுறான்? தூக்கிக்கிட்டு யாவாரி ஏறுறான்ல!" பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தராசில் ஏறிவிட்டார். 59.3. பேரனை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினார். 46.4. "அப்ப பன்னெண்டு கிலோ தொள்ளாயிரம்" என்று மையத்துப் பொண்ணு எழுதப் போக, அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டாராம். "இருத்தா. என் சுருக்குப்பையை இப்பத்தான் ஜன்னல்ல கழட்டி வச்சேன். பாக்குவெட்டி, சாவிக்கொத்து எல்லாம் அதுலதான் கெடக்கு." பையை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினால் 47.2. ஆக, பிள்ளை 12.1 கிலோ. பாக்குவெட்டியும் சாவியும் பேரனுக்கு 800 கிராம் சதை போட்டிருக்கும்!

சிரிக்கிறீர்கள். காலிப்பரோடு ஒரு மாதம், கழற்றிவிட்டு ஒரு மாதம் எடை எடுக்கிறோமே, அது என்ன? இரண்டு தடவையும் ஒரே உடை, ஒரே நேரம், காலிப்பர் இல்லாமல், சிறுநீர் கழித்த பிறகு. ஒன்பது வயதுப் பையனின் வழக்கமான எடை 28 கிலோ சுமார். இவன் அதில் பாதிகூட இல்லை. மூன்று வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் எண் இல்லை.

உயரத்துக்கும் நிற்க வேண்டியதில்லை. முட்டியையும் கணுக்காலையும் செங்கோணத்தில் மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முட்டிக்கு மேல் தொடையின் மேற்புறம் வரை அளந்துகொள்ளுங்கள். அதை 2.69-ஆல் பெருக்கி 24.2 கூட்டுங்கள். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை இந்தக் கணக்கு செல்லும். முட்டி உயரம் 30 என்றால் உயரம் 105 செ.மீ. நடக்காத பிள்ளைக்கு ஒரு செ.மீ.க்கு 11 கலோரி வீதம், நாளைக்கு ஏறக்குறைய 1,150. இது ஆரம்பக் கணக்குதான். இளைத்துப்போன பிள்ளைக்கு மேலும் வேண்டும். சரியா தவறா என்று அடுத்த மாதத் தராசு சொல்லும். தராசு இல்லையென்றால் யார் சொல்வது?

அடுத்து ஊட்டுவது. மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, சங்கில் ஊற்றுகிறோம். கழுத்து பின்னால் போனால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும், கஞ்சி நுரையீரலுக்குப் போகும். அடிக்கடி சளி, சாப்பிடும்போது கண்ணில் நீர், சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாவது, எல்லாம் அதற்கு அடையாளம். உட்கார வையுங்கள்: இடுப்பு மடிந்து, பாதம் பலகையில் ஊன்றி, முகவாய் லேசாகக் கீழ்நோக்கி. நீங்கள் எதிரில், அவன் கண் மட்டத்தில். நின்றுகொண்டு ஊட்டினால் அவன் அண்ணாந்துதான் பார்ப்பான். ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள், உதடு மூடியதும் நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிட்டால் கடித்துக்கொள்வான். கடித்தால் இழுக்காதீர்கள், தானாக விடும்வரை பொறுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம்.

ரசம் சாதம் ஆகாது. ரசம் முன்னால் ஓடும், பருக்கை பின்னால் நிற்கும்; இந்தப் பிள்ளைக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வராது. குழைய மசித்த பருப்புச் சாதம் சரி. சத்துமாவுக் கூழும் சரி, ஆனால் எச்சில் பட்ட ஸ்பூனையே கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருந்தால் பத்து நிமிஷத்தில் நீர்த்துப்போகும். எச்சில் மாவுச்சத்தைக் கரைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வாய் ஊட்ட முடியாது, சரி. அந்த வாயையே கனமாக்குங்கள். ஒரு டீஸ்பூன் நெய்யிலோ எண்ணெயிலோ 40, 45 கலோரி. நாளைக்கு நான்கு என்றால் ஏறக்குறைய 170 கலோரி, கவளம் கூடாமலே. அரை மணிக்கு மேல் இழுக்கும் சாப்பாட்டில் பிள்ளை களைத்துப்போவான். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். நாள் முழுக்கக் கூட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊட்டலிலேயே போகிறதென்றால் டாக்டரிடம் நேராக வயிற்றுக்குள் உணவு செலுத்தும் குழாய் பற்றிக் கேளுங்கள். குழாய் போட்டால் அம்மா தோற்றுவிட்டாள் என்று பேசும் உறவினரை இரண்டு நாள் ஊட்டச் சொல்லுங்கள்.

அதிகாரிப் பெருமக்களுக்கு ஒன்று. அங்கன்வாடித் தொங்கு தராசு 25 கிலோ வரைதான், ஆறு வயதோடு அந்தக் கதவும் மூடிவிடுகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. சான்றிதழ் வந்துவிட்டது, தராசு வரவில்லை. அரிசி மண்டியில் கிடக்கும் தரைத் தராசு போதும். சக்கர நாற்காலியோடு ஏற்றி, நாற்காலி எடையைக் கழிக்கலாம். ஒவ்வொரு மையத்துக்கும் ஒன்று, நோட்டில் மாதம் ஒரு கட்டம். இன்று இந்த மேடையில் போர்த்திய பொன்னாடைகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். தலைவர் கோபிக்கக் கூடாது, எனக்குப் போர்த்தியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம், ஐயா.

எலும்பு பாக்கி. சில வலிப்பு மருந்துகள் வைட்டமின் டி-யைக் குறைக்கும் என்பதை மட்டும்... சீட்டு வந்துவிட்டது, நேரமாகிவிட்டதாம். அரிசி மண்டி அண்ணாச்சி ஒருவர் இரவல் கொடுத்த தராசு பின்வாசலில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் பிள்ளையோடு வரிசையில் வாருங்கள். சுருக்குப்பையைக் கழற்ற வேண்டாம்.