கேம்புக்கில் வாசகர் எங்கே விரல் வைக்கிறார்?

வணக்கம். செங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். கேம்புக் எழுதுவது பற்றிப் பேசுங்கள் என்று கேட்ட நண்பர்களில் பலருடைய கேள்வி ஒன்றாகவே இருந்தது. எழுதி முடித்ததைக் குழுவில் போட்ட பிறகு, படித்தவர்களிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதே அந்தக் கேள்வி. "நன்றாக இருக்கிறது", "அருமை" என்று வருகிற பதில்களைக் கொண்டு கதையைத் திருத்த முடியாது என்பதை எழுதுகிற எல்லோரும் உணர்ந்திருப்பீர்கள். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம்.

கேம்புக் என்பது எண்ணிட்ட பத்திகளாக எழுதப்படும் கதை. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் வாசகர் ஒரு முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்கு உரிய எண்ணைத் தேடிப் போய் அங்கிருந்து தொடர்கிறார். பிரிட்டனில் 1982இல் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும் சேர்ந்து எழுதிய முதல் புத்தகம் 400 பத்திகள் கொண்டது. இரண்டு பகடைகளும் ஒரு பென்சிலும் இருந்தால் தனியாக உட்கார்ந்து ஆடிவிடலாம். அந்தப் புத்தகம் கிளப்பிய அலை அடங்கிய பிறகும் இந்த வடிவத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்கள் பொழுதுபோக்காக எழுதியவர்களும் படித்தவர்களும்தான். 1999இல் 'லோன் வுல்ஃப்' கேம்புக் வரிசையை எழுதிய ஜோ டெவர் தம்முடைய நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட அனுமதி கொடுத்தார். அவற்றைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, எண்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துச் சீராக்கியவர்கள் ஊதியம் வாங்காத வாசகர்கள். 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த, சிறு கேம்புக்குகளுக்கான வின்ட்ஹாமர் பரிசு, நூறு பத்திகளுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எல்லையை வைத்ததால், வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களும் முடிக்கக்கூடிய ஓர் அளவு எல்லோருக்கும் கிடைத்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த நூறு என்ற அளவையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை எங்கள் ரயில் பாதையில் நடக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், இங்கே பாதி வீடுகளுக்குப் புனலூரிலும் கொல்லத்திலும் உறவு உண்டு. 1904இல் திறந்து, 2010இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மீட்டர் கேஜ் பாதையில், 2009ஆம் ஆண்டின் கார்த்திகை மாதத்து ஒரு நாள் என்று காலத்தை வைத்திருக்கிறேன். செங்கோட்டையில் ஏறிப் புனலூரில் ஒருவரிடம் ஒரு பையைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் வாசகருக்குக் கொடுத்திருக்கும் வேலை.

அதிலிருந்து ஒரு பத்தியை வாசிக்கிறேன். "87. பகவதிபுரத்தில் வண்டி நிற்கிறது. எதிர் இருக்கையில் இருக்கும் அம்மாள் ஒரு சாக்கை உங்கள் பக்கமாகத் தள்ளி, 'இதக் கொஞ்சம் ஒங்க காலுக்கடியில வச்சுக்கிடுங்க, ஆரியங்காவுல எறங்கும்போது எடுத்துக்கிடுதேன்' என்கிறார். சாக்கின் வாயிலிருந்து ரேஷன் அரிசியின் வாடை வருகிறது. பிளாட்பாரத்தில் காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். சாக்கை வாங்கி வைத்துக்கொண்டால் 41க்குப் போங்கள். மறுத்துவிட்டால் 112க்குப் போங்கள்."

இந்தப் பத்தியில் வாசகருக்கு வேண்டிய அளவு செய்தி இருக்கிறது. ரேஷன் அரிசி கேரள எல்லையைத் தாண்டுகிறது என்பது வாடையில் தெரிகிறது, சோதனை வருகிறது என்பது கண்ணில் தெரிகிறது, அந்த அம்மாள் எந்த ஊரில் இறங்குவார் என்பது பேச்சில் தெரிகிறது. வாசகருக்குத் தம்முடைய பையையும் திறந்து பார்ப்பார்களோ என்ற கவலை முன்பே இருக்கிறது. எந்த எண்ணுக்குப் போனாலும் அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். "இடப்பக்கம் போனால் 20, வலப்பக்கம் போனால் 35" என்று மட்டும் எழுதி, 35இல் பாறை உருண்டு செத்தீர்கள் என்று முடிக்கிற பத்திகளை நான் ஏற்பதில்லை. அங்கே வாசகர் எதையும் முடிவு செய்யவில்லை. அவருக்கு நடந்தது எல்லாமே எழுதியவருடைய விருப்பம்.

இனி விரல் விஷயத்துக்கு வருகிறேன். அச்சுப் புத்தகத்தில் கேம்புக் படிக்கிறவர்கள், சந்தேகமான இடத்தில் பழைய பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே புதிய எண்ணைத் திறந்து பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவார்கள். கைபேசியில் படிக்கிறவர்கள் பின்செல்லும் பொத்தானை அழுத்துவதும் அதே விரல்தான். பலர் இதை ஏமாற்று ஆட்டம் என்று சொல்லித் தடுக்கப் பார்க்கிறார்கள், நிரல் எழுதி அந்தப் பொத்தானையே மறைத்தும் விடுகிறார்கள். என் எண்ணம் வேறு. வாசகர் எந்த இடத்தில் விரல் வைக்கிறாரோ, அந்த இடத்தில் எழுதியவர் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள். ஆகவே, என் கதையைப் படித்துப் பார்க்கிறவர்களிடம் நான் கருத்துக் கேட்பதே இல்லை. போன எண்களை வரிசையாகக் குறித்து அனுப்புங்கள், எந்தெந்த எண்ணில் விரல் வைத்தீர்களோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள், பாதியில் நிறுத்தியிருந்தால் நின்ற எண்ணை எழுதுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். "1, 3, 14, 87, 41, 70" என்று ஒரு வரி வந்தால் போதும். அந்த ஒரு வரியில் கிடைப்பது இரண்டு பக்கப் பாராட்டில் கிடைக்காது.

அப்படி வந்த வரிகளை எல்லாம் ஒரே தாளில் அடுக்கிப் பாருங்கள். எல்லோரும் ஒரே வழியில் போயிருந்தால் மற்ற வழியை நீங்கள் எழுதியது வீண். அந்தப் பக்கம் இழுக்கிற ஒரு செய்தி பத்தியில் இல்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஆள் போயிருந்து, ஒருவரும் வட்டம் போடவில்லை என்றால் அந்தப் பத்தியைத் தொடாதீர்கள். ஒரே எண்ணில் பலர் வட்டம் போட்டிருந்தால், அந்தப் பத்தியை மட்டும் திருத்திப் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தைய பத்தியில் இருக்கும். அங்கே காட்டியிருக்க வேண்டிய ஏதோ ஒன்றைக் காட்டாமல் விட்டிருப்பீர்கள்.

கிளைகள் பெருகுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிரிந்து, எங்குமே சேராமல் போனால், பத்துத் தடவை முடிவெடுப்பதற்குள் கதைக்கு 1024 முடிவுகள் ஆகிவிடும். இடையில் வரும் பத்திகளையும் சேர்த்தால் 2047 பத்திகள் எழுத வேண்டும். ஆகவே பிரிந்தவை மீண்டும் சேர்ந்தே ஆக வேண்டும். ரயில் கதையில் இதற்கு இயல்பான ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் சாக்கை வாங்கினாலும் மறுத்தாலும் வண்டி ஆரியங்காவில் நிற்கத்தான் போகிறது; அதன் பிறகு இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று ஒவ்வொரு நிலையமும் எல்லா வழிகளும் வந்து சேரும் பத்தியாக அமைந்துவிடுகிறது. சேர்ந்த பிறகு முன்பு எடுத்த முடிவு மறந்துபோகாமல் இருக்கக் குறிச்சொல் வேண்டும். 41இல் "சாக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். வெகு தூரம் போய், புனலூரில் வழி தெரியாமல் நிற்கும்போது, "சாக்கு என்று எழுதியிருந்தால் 133க்குப் போங்கள்" என்று வரும். அங்கே அந்த அம்மாளின் மகன் ஆட்டோவோடு நிற்கிறார். செய்த காரியத்துக்கு உடனே கூலி கொடுத்துவிடாமல், வாசகர் அதை மறந்திருக்கும் நேரம் பார்த்துக் கொடுப்பது இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தமான பகுதி.

87ஆம் பத்தியில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அந்த அம்மாள் வாசகரைத் தம்பி என்றோ மகளே என்றோ கூப்பிடவில்லை. நம் பக்கத்தில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கும்போது முறை சொல்லிக் கூப்பிடாமல் இருப்பது அரிது. ஆனால் படிக்கிறவர் கல்லூரிப் பெண்ணா, ஓய்வு பெற்ற தபால்காரரா என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. பலருடைய கதைகளில் வாசகர் எப்போதும் ஓர் இளைஞனாகவே இருக்கிறார். நான் மூன்றாம் பத்தியிலேயே இதைக் கேட்டுவிடுகிறேன். செங்கோட்டை பிளாட்பாரத்தில் டீ விற்பவர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார். அண்ணாச்சி, தம்பி, அக்கா, பாப்பா என்பவற்றில் எந்தக் குரலுக்கு நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்பதை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். கிளைக் கதை எழுத உதவும் ட்வைன் மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு இது எளிது. வாசகர் தேர்ந்தெடுத்த சொல்லை ஒரு மாறியில் வைத்துவிட்டால், பிறகு வரும் எல்லாப் பேச்சிலும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மலைக்கு அந்தப் பக்கம் போனதும் அதைச் சேட்டா, சேச்சி என்று மாற்றுவதும் இரண்டு வரி வேலைதான். அச்சுப் பிரதியில் அந்த வசதி இல்லை என்பதால், அழைப்புச் சொல் இல்லாமலே இயல்பாக ஒலிக்கும்படி பேச்சைக் கட்ட வேண்டியிருக்கிறது. அது கடினமான வேலை. ஆனாலும் அதைச் செய்வதே முறை என்று நினைக்கிறேன்.

அடுத்தது பகடை. ஆறு முகப் பகடையை விட்டுவிட்டு நான் தாயக்கட்டைக்கு விதி எழுதியிருக்கிறேன். இதோ, என் கையில் இருக்கும் பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 வகையாக விழலாம். அதில் தாயம் விழ இரண்டு வகை, மூன்று விழ நான்கு வகை, ஆறு விழ ஒரே வகை, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கும் ஒரே வகை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் விதி எழுதினால் கதை வாசகருக்கு அநியாயம் செய்துவிடும். "தாயம் விழுந்தால்தான் தப்பிப்பீர்கள்" என்று எழுதினால் எட்டுப் பேரில் ஒருவர்தான் தப்பிப்பார். "மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால்" என்று எழுதினால் 16இல் 11 வாய்ப்பு இருக்கிறது. துணிந்து இறங்குகிறவருக்கு அது நியாயமான பங்கு.

எல்லோர் வீட்டிலும் கட்டை இருக்காதே என்று கேட்பீர்கள். அச்சுக் கேம்புக்குகளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பகடைப் படம் போடும் வழக்கம் உண்டு; புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்தால் பகடை உருட்டியது போலாகும். என் பிரதியை 48 பக்கங்களாக வைத்திருப்பது இதற்காகத்தான். தாளை மடித்துத் தைக்கும் சிறு நூலுக்குப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், தாயக்கட்டையின் கணக்குச் சரியாக வரப் பதினாறின் மடங்காக இருக்க வேண்டும். 48 இரண்டுக்கும் பொருந்துகிறது. மூன்று பக்கங்களில் பன்னிரண்டு, மூன்றில் ஆறு, ஆறு பக்கங்களில் ஐந்து, ஒன்பதில் நான்கு, பன்னிரண்டில் மூன்று, ஒன்பதில் இரண்டு, ஆறில் தாயம் என்று போட்டால் கட்டையை உருட்டுவதற்கும் பக்கத்தைத் திறப்பதற்கும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை. புத்தகம் நடுப்பக்கத்தில்தான் அதிகம் திறக்கும் என்பதால், பெரிய எண்களையும் சிறிய எண்களையும் அங்கே கலந்து வைக்க வேண்டும்.

பகிர்வதைப் பற்றிச் சில செய்முறைக் குறிப்புகள். பத்திகளின் எண்களைக் கலைத்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் அதனதன் இடத்தில் விடலாம். கதையில் தொடர்ந்து வரும் பத்திகளை அடுத்தடுத்து வைத்தால் கண் தானாகவே அடுத்த பத்தியைப் படித்துவிடும். லிப்ரே ஆபிஸில் எண்களைக் கையால் அடிக்காமல் குறுக்குச் சுட்டுகளாக (cross-reference) கொடுத்தால், கலைத்த பிறகு புதுப்பித்ததும் எல்லா எண்களும் சரியாகிவிடும். பிடிஎஃப் ஆக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் இணைப்புக் கொடுங்கள். பழைய எழுத்துருக்களைத் தவிர்த்து யூனிகோடில் எழுதுங்கள். ட்வைன் தருவது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. மலைப் பாதையில் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம், ஆனால் பிரவுசரில் திறக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். மற்றவர்கள் உங்கள் கதையைத் தொடரலாமா, மாற்றலாமா என்பதை முதல் பக்கத்திலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறிப்பாகப் போட்டுவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

என் கதையில் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரையிலான பகுதியை இந்த வாரம் குழுவில் போடுகிறேன். எண் வரிசையும் வட்டங்களும் எல்லோரிடமிருந்தும் வேண்டும். புளியரை, பகவதிபுரம் பக்கத்துக்காரர்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: சாக்கை மறுத்தவர்கள் போய்ச் சேரும் 112இல் அந்த அம்மாள் நாலு வரி பேசுகிறார். அந்தக் கோபம் உங்கள் ஊர்ப் பேச்சில் அப்படித்தான் வருமா, வேறு மாதிரி வருமா என்று வரிக்கு வரி திருத்தி அனுப்புங்கள்.