ஊற்றி வைக்க ஒரு ஜாடி

நேயர்களுக்கு வணக்கம். 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற கணினி விளையாட்டில் சாப்பாட்டையும் மதுவையும் எதில் சேமித்து வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கி 2006இல் வெளியிட்ட விளையாட்டு இது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் படங்களோடு வந்த பிறகு, புதிதாக ஆட வந்தவர்கள் ஏராளம். அவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஒரு வண்டி, ஏழு குள்ளர்கள். மலையைக் குடைந்து குடியேறுகிறார்கள். இவர்களுக்கு மது இல்லாமல் வேலை ஓடாது. தண்ணீர் குடித்து உயிர் வாழ்வார்கள், ஆனால் நடையும் கையும் மந்தமாகிவிடும். அதனால் எல்லோரும் முதலில் விவசாயத்தைத்தான் கவனிக்கிறார்கள். ப்ளம்ப் ஹெல்மெட் என்ற காளானை நிலத்தடியில் பயிரிட்டால் வருஷம் முழுக்க விளையும். ஒரு காளானிலிருந்து ஐந்து பங்கு மது கிடைக்கும். கணக்குப் போட்டால் பஞ்சமே வரக்கூடாது.

வருகிறது. காளான் குவிந்து கிடக்கும், மது வடிக்கிறவர் சும்மா நிற்பார். காலிப் பாத்திரம் இல்லை, வேலையை நிறுத்திவிட்டேன் என்று திரையில் அறிவிப்பு வரும். கல்யாண வீட்டில் சாம்பார் கொதித்துவிட்டது, இறக்கி ஊற்ற அண்டா இல்லை என்றால் எப்படியோ, அப்படி. விளைச்சலைவிடப் பாத்திரம்தான் கோட்டையின் தாகத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இருந்த பீப்பாய்களெல்லாம் எங்கே போயின? உணவுக் கிடங்கு எடுத்துக்கொண்டது. கிடங்கு என்று ஓர் இடத்தைக் குறித்துவிட்டால், அங்கே வரும் இறைச்சிக்கும் மீனுக்கும் காய்க்கும் காலிப் பீப்பாய் தேடி ஆட்கள் ஓடுவார்கள். அதனால் கிடங்கின் அமைப்பில், இத்தனை பீப்பாய்க்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். விதைகளுக்குத் தனிக் கிடங்கு வைத்து, அங்கே அந்த எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விதைகள் பைக்குள் போகும், பைகள் பீப்பாய்க்குள் போகும். புதிதாக ஒரு விதையைச் சேர்க்க யாராவது அந்தப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தால், உள்ளேயிருக்கும் அத்தனை விதையும் அவர் கையில். விதைக்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். பை மட்டும் இருந்தாலே விதைக்குப் போதும்.

இனி எந்தப் பாத்திரம் என்பதற்கு வருவோம். மரப் பீப்பாய்க்கு ஒரு மரக்கட்டை, கல் ஜாடிக்கு ஒரு கல். இரண்டும் ஒரே அளவு கொள்ளும். மரத்துக்கு வேறு வேலைகள் காத்திருக்கின்றன. கட்டிலை மரத்தில் மட்டுமே செய்ய முடியும், உலைக்குக் கரியும் பெரும்பாலும் அதிலிருந்துதான். கல்லோ, நீங்கள் அறை தோண்டத் தோண்டக் காலடியில் குவிந்துகொண்டே இருக்கும். முதல் கோடையிலேயே ஓர் ஆளைக் கல் ஜாடி செதுக்க உட்கார வையுங்கள். பாலைவனத்திலோ பனிப்பாறையிலோ குடியேறியவர்களுக்கு இதைவிட்டால் வழியில்லை.

மண் ஜாடி மலிவு என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. சூளையில் சுட ஒரு கரி வேண்டும். சாதாரண களிமண்ணில் சுட்டது திரவத்தைத் தாங்காது, மெருகு பூச வேண்டும். அதற்கு இன்னொரு கரி, கூடவே சாம்பல். கரியும் சாம்பலும் மரத்திலிருந்து வந்தால், ஒரு பீப்பாய்க்கு ஆகும் மரத்தைப்போல மூன்று மடங்கு. எரிமலைக் குழம்பில் இயங்கும் சூளை இருந்தால் கரிச் செலவு இல்லை, அப்போது யோசிக்கலாம். காயோ இறைச்சியோ வைக்க மட்டும் என்றால் மெருகு தேவையில்லை.

கல் ஜாடியில் ஒரே குறை, கனம். தூக்குகிறவர் மெதுவாக நடப்பார். ஆனால் குள்ளர்கள் குடிக்க ஜாடி இருக்கும் இடத்துக்கே வருகிறார்கள். ஜாடி நகர்வது பட்டறைக்கு ஒருமுறை, கிடங்குக்கு ஒருமுறை. காலி ஜாடி வைக்கும் இடம், மது வடிக்கும் பட்டறை, மதுக் கிடங்கு மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் கனம் ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று. ஒருமுறை வடிப்பதற்கு ஒரு ஜாடி. ஒற்றைக் காளானை வடித்தாலும், ஐந்து காளான் சேர்ந்த ஒரு கட்டினை வடித்தாலும் அதே ஒரு ஜாடிதான் பிடிக்கும். முன்னதில் ஐந்து பங்கு, பின்னதில் இருபத்தைந்து. கைதேர்ந்த விவசாயி விதைத்தால் பெரிய கட்டாக வரும். ஆகவே எல்லோரையும் விதைக்க விடாமல், இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அந்த வேலையைக் கொடுத்துப் பழக்குங்கள்.

வசந்தத்தில் எல்ஃப் என்ற காட்டு இனத்து வணிகர்கள் வருவார்கள். மரம் வெட்டுவது அவர்களுக்கு ஆகாது. மதுவை விற்க நினைத்து மரப் பீப்பாயோடு முன்னால் வைத்தால், கோபித்துக்கொண்டு வியாபாரத்தை முறித்துவிடுவார்கள். அதே மதுவைக் கல் ஜாடியில் வையுங்கள், மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வார்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.