பாத்ரூம் வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால்கள்

வணக்கம். நான் ஒரு பிஸியோதெரபிஸ்ட். நடக்கச் சிரமப்படுகிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை, அவர்களில் பலர் பார்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தவர்கள். நடையைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் இன்று கூப்பிட்டார்கள். நான் ஒண்ணுக்குப் போவதைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே விஷயம், ஆனால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரு ஐயா, எழுபது வயதைத் தாண்டியவர். கூடத்தில் நடக்கச் சொன்னால் நன்றாகவே நடப்பார். ஒருநாள் பயிற்சிக்கு நடுவில் சட்டென்று நின்றார், ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, முட்டிக்கிட்டு வருது" என்றார். பாத்ரூம் பத்தடி தூரம்தான். முதல் நாலு எட்டு வேகமாக வைத்தார், அப்புறம் எட்டு சின்னதாகிச் சின்னதாகி, நிலைப்படிக்கு முன்னால் இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் சாய்கிறது, குதிகால் தூக்கிக்கொண்டிருக்கிறது, முழங்கால் இரண்டும் நடுங்குகின்றன, கால் மட்டும் வரவில்லை. பின்னாலிருந்து அந்த வீட்டு அம்மா பதறிப்போய், "சீக்கிரம் போங்க, சீக்கிரம்" என்கிறார். நான் இடுப்பைப் பிடிக்காவிட்டால் அன்றைக்கு முகம் குப்புற விழுந்திருப்பார். அதற்கு முன் அவர் மூன்று தடவை விழுந்திருந்தார், மூன்றையும் "கால் தடுக்கியது" என்றே நான் எழுதிவைத்திருந்தேன். அன்று உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றுமே பாத்ரூமுக்குப் போகிற வழியில் விழுந்தவை. கேட்காதது என் தப்பு.

சரி, ஏன் இப்படி ஆகிறது? பார்கின்சனில் மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோகின்றன. நடையை ஓட்டுவதில் டோபமினுக்குப் பங்கு உண்டு என்று பலருக்கும் தெரியும். சிறுநீர்ப்பை நிரம்பும் முன்னே சுருங்கிவிடாமல் அடக்கிவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்த அடக்கம் தளர்ந்தால், பை பாதி நிறைவதற்குள் இறுக ஆரம்பிக்கிறது. இப்போதுதானே போய்விட்டு வந்தார், அதற்குள் என்ன என்று எரிச்சல்படாதீர்கள், அவருக்கு வரும் அவசரம் நிஜமானது.

நமக்கு நடை தானாக நடக்கிறது. இவர்களுக்கு அப்படியில்லை, ஒவ்வொரு எட்டையும் நினைத்து நினைத்து வைக்கிறார்கள், அதற்குக் கவனம் முழுதாக வேண்டும். அந்தக் கவனத்தைச் சிறுநீர்ப்பை பிடுங்கிக்கொள்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களையே தண்ணீர் குடிக்கவைத்து, அடக்க முடியாத நிலை வரும்வரை காத்திருக்கச் சொல்லிச் சோதித்தார்கள், 2011இல் வெளியான ஆய்வு. கவனமும் நினைவும் இருபத்துநாலு மணி நேரம் தூங்காதவர்களுக்குக் குறைவது போலக் குறைந்திருந்தன. அந்த ஆண்டே இக் நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது, முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. நல்ல மூளைக்கே அந்தக் கதி என்றால், நினைத்து நினைத்து நடக்கிறவருக்கு எப்படியிருக்கும்? அதோடு அவசரம், குறுகலான வாசல், உள்ளே போனதும் திரும்பி உட்கார வேண்டிய திருப்பம். கால் ஒட்டிக்கொள்வதற்கு என்னென்ன காரணமோ எல்லாம் அந்தப் பத்தடியில் இருக்கிறது.

ராத்திரி இன்னும் மோசம். மாத்திரையின் வேகம் குறைந்திருக்கும், இருட்டு, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

நடுக்குவாதம் போலத் தெரிகிற வேறு நோய்களும் உண்டு. சிலருக்கு நடை கெடும் முன்னே சிறுநீர்த் தொல்லை வந்துவிடும், சிலர் ஆரம்பத்திலேயே மல்லாக்க விழுவார்கள். நடை, சிறுநீர், ஞாபகம் மூன்றும் சேர்ந்து கெட்டால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 1965இல் விவரிக்கப்பட்ட நோய் அது, ஆபரேஷன் செய்து குழாய் வைத்தால் பலருக்கு நடை தேறுகிறது. வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஐயா வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அவசரம் வரும்வரை காத்திருக்காமல், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவராகவே போய்வந்தார். நடுவில் முட்டிக்கொண்டு வந்தால் ஓட வேண்டாம், நின்றோ உட்கார்ந்தோ, சிறுநீரை நிறுத்துவது போல நாலைந்து தடவை இறுக்கிவிட வேண்டும், அந்த அலை கொஞ்சம் தணியும், அப்போது நடக்கலாம். வாசலில் கால் ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. நிமிர்ந்து நின்று, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணி, மறு காலை ஒரு பெரிய எட்டாக எடுத்துவைக்க வேண்டும். பாத்ரூம் வாசலில் தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டினோம், ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினார், தூக்க முடிந்தது. நழுவுகிற கால்மிதியை எடுத்துவிட்டோம். ராத்திரிக்குக் கட்டிலடியில் யூரின் பாட்டில். பெண்களுக்குக் கமோட் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், "சீக்கிரம்" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அது அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள், மலச்சிக்கல் கூடும், அதுவே சிறுநீர்ப்பையை இன்னும் படுத்தும். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபியைக் குறைத்தால் போதும். ஓரிரு நாளில் திடீரென்று அவசரம் அதிகமானால் கிருமித் தொற்றாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள். சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரைகளில் சில ஞாபகத்தைக் குழப்பும், அதனால் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு ஒண்ணுக்கு, எப்போது அவசரம் வந்தது, எந்த இடத்தில் கால் நின்றது. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.