கவிழ்ந்த காரும் கவிழ்க்கப்பட்ட காரும்

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் வாகனப் பொறியியல் நடத்துகிறவனைப் பேச அழைத்தால் மைலேஜ், எஞ்சின் ஆயில் என்று தொடங்குவேன் என நினைத்திருப்பீர்கள். இன்று பொய்யைப் பற்றிப் பேசப்போகிறேன். நகைச்சுவைக்காகச் சொல்லப்படும் பொய், அதிலும் கார்களை வைத்துச் சொல்லப்படும் பொய்.

பிரிட்டனின் பிபிசியில் 'டாப் கியர்' என்றொரு நிகழ்ச்சி. 1977-இல் தொடங்கியபோது, கார் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லும் சாதுவான நிகழ்ச்சி அது. 2002-இல் அதைப் புரட்டிப்போட்டுப் புதிதாக்கினார்கள். ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்ட் ஹேமண்ட், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த ஜேம்ஸ் மே ஆகிய மூவரும் பழைய கார்களை வாங்குவார்கள், உடைப்பார்கள், தண்ணீரில் இறக்குவார்கள், ஒருவரையொருவர் ஓயாமல் கேலி செய்துகொள்வார்கள். உலகமெங்கும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கூடவே சண்டையும் போட்டார்கள். நடந்தது நிஜமா, எழுதிவைத்து நடத்தியதா? 'சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே' என்பது ஒரு கட்சி. 'எங்களை முட்டாளாக்கிவிட்டார்கள்' என்பது மறு கட்சி.

இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் இல்லை. என் கேள்வி வேறு. பொய் சொன்னார்கள், சரி. அதனால் யாருக்கு நஷ்டம்?

உதாரணத்துக்கு ரிலையன்ட் ராபின். எனக்கு மிகவும் பிடித்த வண்டி, கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மத்திய இங்கிலாந்தின் டாம்வொர்த் ஊரில் 1973 முதல் தயாரித்தார்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. உடல் கண்ணாடியிழை, எடை மிகக் குறைவு. அப்போது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருந்தாலே ஓட்டலாம், வரியும் குறைவு. காருக்கு வசதியில்லாத குடும்பம் மழையில் நனையாமல் போக ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2010-இல் கிளார்க்சன் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஷெஃபீல்டு பக்கம் புறப்பட்டார். ஒரு திருப்பம், வண்டி கவிழ்ந்தது. நிமிர்த்தினார்கள். அடுத்த திருப்பம், மறுபடியும் கவிழ்ந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் கவிழ்ந்துகொண்டே இருந்தது. தற்செயலாக வந்தவர்கள் போல அந்த வட்டாரத்துப் பிரபலங்கள் ஓடிவந்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நம் ஆட்டோவுக்கும் முன்னால் ஒரே சக்கரம்தான். வேகமாகத் திரும்பும்போது நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொள்கிறீர்களே, ஏன்? வண்டியின் பாரம் முழுவதும் வெளிப்பக்கமாக, முன்மூலையை நோக்கிச் சாய்கிறது. அந்த மூலையில் தாங்குவதற்குச் சக்கரம் இல்லை. ஆகவே மூன்று சக்கர வண்டி கவிழக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒவ்வொரு தெருமுனையிலும் கவிழ்ந்தா விழுகிறார்? முனைக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறார், திரும்புகிறார், போகிறார். ராபின் ஓட்டியவர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

பிறகு உண்மை வந்தது. 2016-இல் கிளார்க்சனே தம் பத்திரிகைப் பத்தியில் எழுதினார்: திரும்பினாலே கவிழும்படி வண்டியின் டிஃபரென்ஷியலில் கைவைக்கச் சொன்னோம் என்று. டிஃபரென்ஷியல் என்பது, திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தை உள்பக்கச் சக்கரத்தைவிட வேகமாகச் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி. அதைக் கெடுத்தால் ஒழுங்காகத் திரும்ப வேண்டிய வண்டி முரண்டுபிடிக்கும்.

இதில் யாருக்கு நஷ்டம்? ராபின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது, கம்பெனிக்கு இழக்க ஒன்றுமில்லை. அந்த வண்டியைப் பேணி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம். போகட்டும். இதை நான் வேடிக்கைக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

ஆனால் 2008 டிசம்பரில் ஒளிபரப்பான டெஸ்லா ரோட்ஸ்டர் விஷயத்தை அந்தக் கணக்கில் எழுத மாட்டேன். மின்சாரக் கார் சாலைக்கு வந்த புதிது. ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 340 கிலோமீட்டர் என்றது கம்பெனி. எங்கள் ஓடுதளத்தில் 88-தான் வரும் என்றது நிகழ்ச்சி. அடுத்த காட்சியில் நான்கு பேர் அந்தக் காரைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது என்றுதானே? கார் உண்மையில் அப்படி நிற்கவில்லை. தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டினோம் என்றது பிபிசி. டெஸ்லா 2011-இல் வழக்குப் போட்டது, தோற்றது. 2013-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பந்தய ஓடுதளத்தில் விரட்டி ஓட்டுவதையும் சாலையில் ஓட்டுவதையும் பார்வையாளர் ஒன்றாகக் கருத மாட்டார் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

சட்டப்படி சரியாக இருக்கலாம். நான் வகுப்பறையில் நிற்கிறவன், மாணவர்கள் என்னிடம் எண்ணைக் கேட்கவில்லை. 'சார், வழியில் நின்றுபோனால் தள்ள வேண்டுமாமே' என்றுதான் கேட்டார்கள். எண் மறந்துபோகிறது, தள்ளும் காட்சி நிற்கிறது. மறுபடியும் சொல்கிறேன், யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். கவிழ்த்த ராபினைப் பார்த்துவிட்டு யாரும் ராபின் வாங்காமல் போகவில்லை. தள்ளிய டெஸ்லாவைப் பார்த்துத் தயங்கியவர்கள் இருந்தார்கள்.

2011-இலும் இதே கதை. நிசான் லீஃப் காரில் சார்ஜ் தீர்ந்து லிங்கன் நகரில் நின்றார்கள். அது முழு சார்ஜோடு புறப்படவே இல்லை என்பதைக் காரில் இருந்த பதிவுக் கருவி காட்டிக்கொடுத்தது.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். திடீரென்று ஏதாவது நடந்தால், கேமரா எங்கே இருந்தது என்று பாருங்கள். காருக்குப் பின்னால் இழுத்துப்போன வீட்டு வண்டி, 2006-இல் ஒரு முகாமில் தீப்பிடித்து எரிந்தது. எரிவதற்கு வசதியான இடத்தில் எரிந்தது, படம்பிடிக்க வசதியான தூரத்தில் எரிந்தது. ஏற்பாடுதான் என்று பின்னர் தெரிந்தது.

ஆனால் இந்த உபாயமும் எப்போதும் உதவாது. அதே 2006 செப்டம்பரில், யார்க் நகருக்கு அருகே எல்விங்டன் விமானத்தளத்தில், ஜெட் எஞ்சின் பொருத்திய காரில் ஹேமண்ட் மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டரில் போனபோது முன்டயர் வெடித்தது. மூளையில் காயம், உயிர் பிழைத்ததே பெரிது. அங்கேயும் கேமராக்கள் தயாராகத்தான் இருந்தன.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இந்தியப் பயணத்துக்குத் தனியாக ஒரு பகுதி எழுதி வந்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவர்களின் அர்ஜென்டினாப் பயணம், 2014. அவர்கள் ஓட்டிய போர்ஷே காரின் எண் எச் 982 எஃப்கேஎல். பிரிட்டனிடம் அர்ஜென்டினா தோற்ற 1982 ஃபாக்லாந்து போரைக் குத்திக்காட்டுகிறது என்று அங்கே கொந்தளித்தார்கள். தற்செயல் என்றது பிபிசி. பார்வையாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எண் எப்படி வந்திருந்தாலும், அவர்கள் வண்டிகள்மீது வந்து விழுந்த கற்களை யாரும் எழுதிவைக்கவில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

இந்தியப் பயணம் 2011 டிசம்பரில் ஒளிபரப்பானது. ஜாகுவார் காரின் பின்னால் கழிப்பறைப் பீடம் பொருத்தி ஓட்டினார்கள், லண்டனில் நம் தூதரகம் புகார் செய்தது. அந்த ஜாகுவார் கம்பெனியே 2008 முதல் டாடாவுடையது! ரயில் பெட்டிகளில் பிரிட்டனைப் புகழும் பதாகைகளைக் கட்டினார்கள். பெட்டிகள் பிரிந்ததும் பதாகை கிழிந்து, மிஞ்சிய எழுத்துகள் கெட்ட வார்த்தைகளாயின. எந்த எழுத்துக்கு நடுவே கிழிய வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று விளக்க ஆசைதான், ஆனால் இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.